அடுக்களையில் ஒன்பது நாள் வெயில்

1953 செப்டம்பர் 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். ஆபீஸ் இல்லை. அடுக்களைச் சுவரில் ஓட்டை போடுகிற நாள்.

தேவை: கடப்பாரை (பக்கத்து வீட்டில் கேட்டாயிற்று). உளி. சுண்ணாம்பு. மணல் ஒரு கூடை. மண்குழாய் ஒன்று. பொறுமை.

ஹோட்டல் சாப்பாடு ஜூலையில் மூவர் வயிற்றையும் கெடுத்தது. அன்று முதல் நாங்களே பொங்கித் தின்கிறோம். நான், செல்லையா, கோபி. கரமனை ஆற்றுக்கு இரண்டு சந்து தள்ளி இந்த வாடகை வீடு. ஓட்டுக் கூரை, வெட்டுக்கல் சுவர். அடுக்களைக்கு ஒரு கதவு மட்டும், ஜன்னல் கிடையாது. கட்டியவன் ஒரு நாளாவது சமைத்திருக்க மாட்டான். மழைக்கால விறகு வேறு, பிழிந்தால் தண்ணீர் வரும். ஒருவன் ஊதுவான், மற்ற இருவர் முற்றத்தில் நின்று கண்ணைத் துடைப்போம். பிறகு முறை மாறும். கோபி நேற்றுக் கேட்டான்: "எடா, இது அடுக்களையோ, ரயில் எஞ்சினோ?"

யோசனை என்னுடையது. ஆபீஸில் என் வேலை எஸ்டிமேட்டுகளைப் பிரதி எடுப்பது. வித்துராவுக்கு அப்பால் மலையடிவாரத்தில் யாரோ பெரிய அதிகாரிக்குப் பங்களா வருகிறது. ‘அடுக்களை: கிழக்குச் சுவரில் புகைபோக்கி ஒன்று.’ நான்கு வரி கீழே தோட்டக்காரன் அறை. அங்கேயும் அடுப்பு உண்டு. புகைபோக்கி இல்லை. தோட்டக்காரனுக்குக் கண் கிடையாது போலும். என் கையாலேயே மூன்று பிரதி எழுதினேன். மூன்றாவதில் நிப்பு உடைந்தது.

அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்றால் திருட்டு.

மாலை. செல்லையா பஸ் பணிமனையில் பிட்டர். கடப்பாரை அவன் கையில் பேனா மாதிரி. மூன்று மணிக்குச் சுவர் திறந்தது. முதலில் ஒரு விரல் அளவு வெளிச்சம். தூசிக்குள் அது ஒரு கம்பி போல நின்றது. கோபி அதற்குள் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

செப். 7, திங்கள்

புகை போகிறது. மேற்குக் காற்று கதவு வழியே வந்து புகையைத் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு வெளியே போகிறது. இன்று யாரும் முற்றத்துக்கு ஓடவில்லை. மரச்சீனிக் கிழங்கு, மிளகாய்ச் சம்மந்தித் துவையல், பாலில்லாத கட்டன் சாயா.

காலையில் ஓட்டை வழியே வெயில் தரையில் விழுகிறது. ஒரு தட்டளவு. ஏழு மணிக்கு அம்மிக்குப் பக்கத்தில், எட்டு மணிக்கு உரலுக்குப் பக்கத்தில். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஆபீஸுக்குத் தாமதம். சூப்பிரண்டு காரணம் கேட்டார். வெயில் என்று சொல்ல முடியுமா.

செப். 13, ஞாயிறு

இன்று அடுப்புக்கு மேடை. செங்கல் அடுக்கி, இடுப்பு உயரத்துக்கு. இனி நின்றுகொண்டே சமையல். கோபிக்கு இது வேடிக்கை. ஆண்கள் அடுக்களைக்கு வந்து இரண்டு மாதம், அதற்குள் புகை போயிற்று, மேடை வந்தது, குனிவது நின்றது, அடுத்த மாதம் நாற்காலி வரும் என்கிறான். சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

செல்லையா தீயல் வைத்தான். நான் சொல்லச் சொல்ல அவன் கை செய்தது. தேங்காயை இன்னும் வறு, இன்னும் வறு என்றேன், கறுத்துவிட்டது. அப்படியும் சட்டியை வழித்தோம். உங்கள் தெற்குத் தமிழ்த் தாலுகாக்கள் மெட்ராஸோடு சேர்ந்தால் இந்தத் தீயலையும் கொண்டுபோய்விடுவாயா என்றான் கோபி. தீயல் உனக்கு, தாலுகா எனக்கு என்றேன்.

பிறகு மழை. அடுக்களையிலேயே மூவரும் படுத்துக்கிடந்தோம். சூடான மேடையிலிருந்து ஈரச் செங்கல் வாசம். செல்லையா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தான் வளர்ந்த லயத்தைப் பற்றிச் சொன்னான். அப்பாவும் அம்மாவும் தேயிலை பறித்துவிட்டு இருட்டில் வருவார்கள். ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே ஆறு பேர் படுக்கை. விடியற்காலையில் மூடுபனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாதாம். மேலே தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டும் வானம் தொடுகிற புகைபோக்கி. "தேயிலைக்குப் புகை ஆகாதுவே," என்றான்.

கண்ணை மூடினால் வீடுகளாக வருகின்றன. எல்லாவற்றிலும் ஓட்டை போட்டுக்கொண்டே போகிறேன். வரிசையாக லயங்கள், தோட்டக்காரன் அறைகள், எங்கள் ஊர்த் தெரு. ஒவ்வொரு அடுக்களையிலும் ஒரு தட்டு வெயில்.

போதும். துணி துவைக்க வேண்டும்.

செப். 22, செவ்வாய்

அப்பாவின் கடிதம், அக்காவைப் பற்றி. அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘பொன்னம்மையைப் பார்த்துப் போனவர்களும் மறுத்துவிட்டார்கள். பெண் அழுத கண்ணோடு வந்து நின்றாளாம். சம்மதமில்லாத பெண் வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். இது மூன்றாவது இடம். தை மாதத்துக்குள் கண் சிவப்பு மாறியாக வேண்டும். அங்கே கண்ணாஸ்பத்திரியில் காட்ட ஏற்பாடு செய்.’

அக்கா அழவில்லை. எனக்குத் தெரியும். வந்தவர்களுக்காக விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்று கேசரி கிண்டி, ரசவடைக்குப் பருப்பு அரைத்து, வடை சுட்டு, அதே கண்ணோடு சேலை மாற்றிக்கொண்டு போய் நின்றிருப்பாள். அவர்கள் வடையைத் தின்றார்கள். கண்ணைக் குறை சொன்னார்கள். வடை எப்படி வெந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

அம்மா போகும்போது அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு ஏழு. இப்போது அவளுக்கு இருபத்தாறு. பதினைந்து வருஷம் அந்த அடுக்களை. அப்பாவுக்கு, பெரியண்ணனுக்கு, எனக்கு.

எழுத வேண்டியது நிறைய. கை வரவில்லை.

செப். 23, புதன்

பதில் போட்டேன். அக்டோபர் 17 சனிக்கிழமை வரச்சொல்லி. எங்கள் வீட்டிலேயே பத்து நாள் தங்கட்டும், அவள் அடுப்பைத் தொட வேண்டாம், நாங்கள் சமைப்போம் என்று எழுதினேன். அப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அக். 4, ஞாயிறு

அக்கா வருவதற்குள்:
வெள்ளையடிப்பு (முன்னறை, அடுக்களை)
கொடிக்கயிறு ஒன்று, திரை ஒன்று, அவள் அறைக்கு
கிணற்று ராட்டுக்கு எண்ணெய்
பாத்திரப் பலகை இரண்டு
நல்ல அரிசி

வெள்ளையடித்தோம். கோபி தலையெல்லாம் சுண்ணாம்பு. சாலைக் கடைத்தெருவில் செல்லையா ஒரு பழைய பலகை பிடித்து வந்து அடுக்களையில் அடித்தான். அதில் ஐந்து தகர டப்பா. பெயர் எழுதி ஒட்டினேன். ஆபீஸ் கையெழுத்தில் ‘மிளகு’, ‘மல்லி’. எஸ்டிமேட் மாதிரி இருக்கிறது என்றான் கோபி.

வெள்ளைச் சுவரில் வெயில் தட்டு இப்போது இரண்டு மடங்கு பெரிது. அக்கா மேடைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவள் நிமிர்ந்து சமைத்து நான் பார்த்ததே இல்லை. அவள் உயரம் எவ்வளவு என்றே தெரியவில்லை.

அக். 17, சனி

எல்லாம் கெட்டது.

மூன்று நாளாக வானம் வேறு மாதிரி. ஐப்பசி பிறக்கிற நேரம். பிற்பகலில் மலைப் பக்கமிருந்து இடி. நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அப்பாவும் அக்காவும் நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து, பெருமையாக, நேரே அடுக்களைக்கு அழைத்துப் போனேன். செல்லையா சோற்றை ஏற்றியிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கிழக்கிலிருந்து காற்று. நாங்கள் போட்ட ஓட்டை வழியே உள்ளே. போன மாதம் வெளியே போன புகையெல்லாம் திரும்பி வந்தது போல இருந்தது. செல்லையா இருமிக்கொண்டு பானையோடு வெளியே ஓடி வந்தான். வெள்ளைச் சுவரில் கறுப்பு நாக்கு.

அக்கா வாசலிலேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நம்ம வீட்டுக்கே வந்தாப்ல இருக்குலே," என்றாள். கேலி இல்லை. அதுதான் வலித்தது.

அப்பா செல்லையாவிடம் எந்த ஊர் என்றார். போனக்காடு என்றான். உன் அப்பாவுக்கு எங்கே வேலை, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே போனார். தெருவோடு நிறுத்திவிட்டார். பிறகு வயிறு சரியில்லை, இரண்டு பழம் போதும் என்றார். அக்கா இலை போட்டு உட்கார்ந்தாள். செல்லையா பரிமாறினான். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கித் தின்றாள், அப்பா பார்க்கும்படி.

நான் பங்களாவின் சுவரைப் பிரதி எடுத்திருக்கிறேன். அந்த இடம் வேறு, மலை அதற்கு எந்தப் பக்கம், காற்று எப்படி, எதுவும் கேட்கவில்லை. கிழக்கு என்றிருந்தது, கிழக்கில் போட்டேன். ஆபீஸ் என்னை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறது.

அக். 18, ஞாயிறு

அப்பா காலை பஸ்ஸில் ஊருக்கு. போகும்போது சொன்னது: "தைக்குள்ள சிவப்பு மாறணும். அதுக்குத்தான் கொண்டு விட்டிருக்கேன்." விறகைக் கொண்டு விட்டது போல.

ஓட்டையைச் சாக்கால் அடைத்தோம். மறுபடி முற்றத்துக்கு ஓட்டம். அக்காவை அடுக்களைக்குள் விடவில்லை. அவள் முன்னறையில் உட்கார்ந்து சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தாள். கோபியின் சட்டைக்குப் பித்தான் தைத்தாள். "சேச்சி, இரி," என்றான் அவன். இரி என்றால் உட்கார் என்று தெரியும், உட்கார்ந்து என்ன செய்ய என்றாள் அக்கா.

அக். 19, திங்கள்

அரை நாள் லீவு. கண்ணாஸ்பத்திரி. நீண்ட வரிசை, பாதிக்கு மேல் பெண்கள், பாதிக்கு மேல் சிவந்த கண்.

டாக்டர் சின்ன வயது. இமையைப் புரட்டிப் பார்த்தார். கேள்வியெல்லாம் என்னிடம்தான், மலையாளத்தில். எவ்வளவு நாளாக என்றார். அக்கா நேராக அவரைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னாள்: "பதினோரு வயசுலேருந்து." அடுக்களையில் ஜன்னல் உண்டா. இல்லை. எத்தனை மணி நேரம். அக்கா யோசித்து, தூங்குற நேரம் போக என்றாள்.

சொட்டு மருந்து எழுதினார். அது எரிச்சலுக்கு மட்டும் என்றார். புகை நின்றால் சிவப்பு தானே போகும். நிற்காவிட்டால் இன்னும் சில வருஷத்தில் பார்வை மங்கத் தொடங்கும். பிறகு மருந்துக்கு வேலையில்லை.

திரும்பி வரும் வழியில் அக்கா ஆற்றுப் பாலத்தில் நின்றாள். தண்ணீர் செம்மண் நிறம். ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து போனது, குலையோடு. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். பார்வை இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. அந்த நினைப்பை உடனே அழிக்க வேண்டும் போலிருந்தது.

அக். 20, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன்: திரும்பிப் போகாதே. இங்கேயே இரு. பெரிய வீடாகப் பார்க்கிறேன்.

"அப்ப அங்க யாரு பொங்குவா?"

அப்பா பொங்கட்டும், அண்ணன் பொங்கட்டும். இங்கே மூன்று ஆண்கள் பொங்கவில்லையா.

"பொங்க மாட்டாங்க. பெரியண்ணனுக்குச் சட்டுனு ஒரு கல்யாணம் வைப்பாங்க. ஒரு பிள்ளை வந்து அதே புகைல நிக்கும். நான் இங்க கண்ணு தெளிஞ்சு இருப்பேன், என்னா?"

மனதுக்குள் பெரிய வீட்டின் வாடகையைக் கூட்டிப் பார்த்தேன். நான் படித்தவன்.

அதற்குப் பிறகு அவள் தானாகச் சொன்னாள். செல்லையாவும் கோபியும் கூட இருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன் ஆடிக் காற்றில் எங்கள் அடுக்களைக் கூரையில் முகட்டு ஓடு இரண்டு பறந்துவிட்டனவாம். கூரையின் உச்சியில் கவிழ்த்துப் போடுகிற வளைந்த ஓடுகள். "அன்னைக்குப் புகை அப்படியே மேல போச்சு. எந்தக் காத்து அடிச்சாலும் போச்சு. உள்ள வெயில் விழுந்துது. ஒம்பது நாளு. ஒம்பது நாளும் என் கண்ணு எரியல." பத்தாம் நாள், மழை ஒழுகும் என்று அப்பா ஆள் வைத்து மறுபடி ஓடு போட்டு மூடினார். முகட்டு ஓடுகளை இறக்கிப் பதிக்காமல், அடியில் இரண்டு பக்கமும் அரைச் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் போதும், மழையும் விழாது, புகையும் போகும் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

செல்லையா விரலால் காற்றில் கூரை வரைந்து பார்த்தான். "சரியாத்தான் வரும்க்கா," என்றான்.

நான்கு வருஷம். யாரிடம் சொன்னாய், ஏன் சண்டை போடவில்லை என்று கத்தினேன்.

"அப்பாகிட்ட சொன்னேன். பெரியண்ணன்கிட்ட சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேன்லே. நீ காலேஜுக்குப் பெட்டி கட்டிக்கிட்டு இருந்த. அடுத்த லீவுல பாப்போம்னு சொன்ன."

கோபி எழுந்து வெளியே போனான். நாகரிகம்.

அதே நாள், பிறகு

நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெட்டி நினைவிருக்கிறது, தகரப் பெட்டி, பச்சை. அக்கா கட்டிக் கொடுத்த நேந்திரங்காய் உப்பேரி நினைவிருக்கிறது. அவள் சொன்னது மட்டும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை லீவு. ஒவ்வொரு லீவிலும் போய்ச் சாப்பிட்டு, சமத்துவம் பேசிவிட்டு வந்தேன். அதிகாரியின் பங்களாவை எழுதும்போது கோபம் வந்தது. சொந்த வீட்டுத் தோட்டக்காரன் அறை கண்ணில் படவில்லை.

இரண்டு மாதம் என் கண் எரிந்தது, உடனே கடப்பாரை எடுத்தேன்.

அக். 25, ஞாயிறு

இங்கே முதலில் செய்து பார்த்தோம். செல்லையா கூரைமேல், நான் ஏணியில், கோபி கீழே செங்கல். அக்கா முற்றத்தில் நின்று, இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, அந்தப் பக்கம் ஏத்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, இடிந்தால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பு மூட்டினோம். புகை தயங்கியது. அடுக்களைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது, வழி கேட்பது போல. பிறகு மேலே பார்த்தது. போய்விட்டது.

பிற்பகலில் இடி, கிழக்குக் காற்று, பெருமழை. அப்போதும் போனது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இன்று அக்காவைச் சமைக்க விட்டோம், அவள் கேட்டதால். மேடைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். என்னைவிட உயரம். எனக்கு இது இன்றுதான் தெரியும். தீயல், கறுக்காதது. நால்வரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தின்றோம். கூரைச் சந்திலிருந்து வெளிச்சம் கீற்றாக இறங்கி ஒவ்வொரு இலையிலும் கொஞ்சம் விழுந்தது. யாரும் அவசரப்படவில்லை. இந்தப் பிற்பகல் முடியாமலே இருக்கும் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

கண்ணில் சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. எட்டே நாளில்.

அக். 27, செவ்வாய்

பெரியண்ணன் வந்து அக்காவை அழைத்துப் போனான். மருந்துச் சீசாவை அவன் கையில் கொடுத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தை கழியட்டும், பார்க்கலாம் என்றான். அவன் குரலில் என் குரல் கேட்டது.

அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே: "செல்லையாவயும் கூட்டிட்டு வா. உனக்கு ஓடு பிடிக்கத் தெரியாது."

வருகிற சனி, ஞாயிறு போகலாம். செல்லையாவுக்கு லீவு சொல்ல வேண்டும்.

நவம்பர் 1, ஞாயிறு. ஊரில்

வெறித்த வானம். மழை பெய்து ஓய்ந்த காலை. நேற்று வந்தோம், நானும் செல்லையாவும். அப்பா அவனை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அக்கா எங்கள் இருவருக்கும் வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்தாள்.

ஏழு மணிக்கு ஏணி சாத்தினேன். அப்பா முற்றத்துக்கு வந்தார். மழைக்காலத்தில் யாராவது கூரையைப் பிரிப்பார்களா, தை வரை பொறு என்றார். ஏறினேன். ஏணி ஆடியது. ஒரு கை வந்து பிடித்தது, செல்லையாதான் என்று நினைத்தேன். அவன் ஏற்கனவே மேலே இருந்தான். குனிந்து பார்த்தால் பெரியண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலிருந்து ஊர் முழுக்க ஓடு. எல்லா முகடும் மூடியிருக்கிறது. ஓடுகளுக்கு நடுவே கசிந்து கசிந்து புகை. தெருவே மெதுவாக வெந்துகொண்டிருப்பது போல. பார்க்க அழகாக இருந்தது. அழகாக இருந்ததற்கு என்மேல் எனக்கே எரிச்சல்.

முதல் முகட்டு ஓடு. பாசி பிடித்து ஒட்டியிருந்தது. செல்லையா உளி கொடுத்து நெம்பினான். தூக்கினேன். கீழே இருட்டு. நாங்கள் முடிக்கும் வரை பொறுக்காமல் அக்கா அடுப்பை மூட்டியிருந்தாள். பதினைந்து வருஷப் புகை ஒரேயடியாக என் முகத்தில். கண் தெரியவில்லை. தூக்கிய ஓட்டைப் பிடித்தபடி இருமினேன். கீழே அப்பா இறங்கு இறங்கு என்கிறார்.

புகை விலகியது. சந்து வழியே வெயில் இறங்கி அடுப்பங்கரையில் விழுந்தது, அதில் அக்கா, முகத்தை மேலே தூக்கி, கண்ணைச் சுருக்காமல்.

"இன்னும் ஒண்ணு தூக்குலே."